நைட் ஹால்ட்

அச்சகத்துப் பையன் கம்ப்யூட்டரில் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தான். போன மாதம் யாருக்கோ அடித்த கருமாதிப் பத்திரிகை. பெயரை மாற்றினான், படத்தை மாற்றினான், தோற்றம், மறைவு என்ற இரண்டு தேதிகளையும் மாற்றினான். கீழே அன்பின் இமயம், பண்பின் சிகரம் என்று நாலு வரி ஓடியது. "மேட்டரு இதையே வெச்சுக்கலாமாக்கா, இல்ல நீங்க தர்றீங்களா?" என்று கேட்டான்.

நான் தருகிறேன் என்றேன். தம்பி கொள்ளி வைத்தாயிற்று. எழுதுகிறவள் என்று வீட்டில் பேர் வாங்கியிருக்கும் நான் இதையாவது செய்ய வேண்டும். இரண்டு ராத்திரி உட்கார்ந்தும் 'அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார்' என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. அன்பின் இமயம் என்று எழுதக் கை கூசியது. கெட்டவர் என்று சொல்லவும் வழியில்லை. எங்கள் அப்பா எங்களுக்கு எப்படிப்பட்டவர் என்றால், பாதி நாள் ராத்திரியில் வீட்டில் இல்லாதவர். அதை யாரும் பத்திரிகையில் போடுவதில்லை.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த ஒரு வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று அது பார்த்த வேலையும் கல்லில் இருக்கிறது. 1,400 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை இது. நம் ஊர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பாருங்கள். மகன்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் பட்டியல் இருக்கும், படித்தவர்களுக்குப் பட்டமும் சேர்ந்து இருக்கும். செத்தவர் முப்பது வருஷம் என்ன வேலை செய்து இவர்களை ஆளாக்கினார் என்பது மட்டும் இருக்காது.

கடைசியில் பையனிடம் ஒரே வரி கொடுத்தேன்: அரசு பஸ் கண்டக்டர், கள்ளக்குறிச்சி – வெள்ளிமலை தடம். "அவ்வளவுதானாக்கா?" என்றான். அவ்வளவுதான் என்றேன். அந்த ஒரு வரி என்ன செய்யப்போகிறது என்று அப்போது தெரியாது.

அப்பா வேலைக்குச் சேர்ந்தது 1979இல். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் தொடங்கிய தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் அது. 1997இல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு மாநிலம் முழுக்க ஒரே பெயராக்கினார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் "தந்தை பெரியார் போயிடுச்சா?" என்றுதான் பஸ்ஸைக் கேட்டார்கள். அப்பாவுக்கும் நாக்கில் அதுதான் வரும்.

வேலை பார்த்த வருஷங்களில் பெரும்பகுதி மலை ரூட்டு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எடுத்தால் கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம், அப்புறம் ஏற்றம். கேட்டு வாங்குகிற ரூட்டு இல்லை அது. கலெக்‌ஷன் வராது. வளைவில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுப்பார்கள். மழைக் காலத்தில் மண் சரிந்தால் நாலு பேரை இறக்கிக் கல்லை ஒதுக்கச் சொல்லி, மெல்ல மெல்லக் கடக்க வேண்டும். கடைசி வண்டி மேலே போனால் அங்கேயே நின்றுவிடும். விடியற்காலையில் அதுவே முதல் சிங்கிளாக இறங்கும். இதற்குப் பெயர் நைட் ஹால்ட். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸிலேயே படுத்துக்கொள்வார்கள். டிரைவர் மாமா உயரம் என்பதால் பின்னாடி நீள சீட்டு அவருக்கு. அப்பா மூன்று பேர் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு படுப்பார், தலைக்கு அடியில் தோல் பை. மார்கழிக் குளிர் ஷட்டர் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும் என்பார். மலையைப் பற்றி அவர் வீட்டில் சொன்னது ஏறக்குறைய இவ்வளவுதான்.

வீட்டில் இருக்கும் நாளிலும் உடம்பு பஸ்ஸில்தான் இருக்கும். காய்கறிக் கடைக்குப் போனால்கூட இடது கை விரல் இடுக்கில் நோட்டுகளை நீளவாக்கில் மடித்துச் செருகிக்கொள்வார். பத்து ஒரு இடுக்கில், இருபது ஒரு இடுக்கில். டிக்கெட் கிழித்துக் கிழித்து வலது கட்டைவிரலின் ஓரத்தில் தோல் காய்த்திருந்தது. பை வார் அழுத்திய தடம் தோளில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பாக இருக்கும். குளிக்கும்போது முதுகு தேய்க்கக் கூப்பிட்டால் நான் அந்தத் தடத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பேன். பேச்சு குறைவு. ரேடியோ சத்தமாக வைத்தால் பிடிக்காது. தூக்கம், தூக்கம், தூக்கம். "அப்பா படுத்திருக்காரு" என்பதுதான் எங்கள் வீட்டு மௌன விரதத்தின் மந்திரம்.

அப்புறம் 'ஷார்ட்'. டிப்போவில் பணம் கட்டும்போது குறைந்தால் கண்டக்டர் கைக்காசைப் போட வேண்டும். அப்பாவுக்கு மாதம் தவறாமல் குறையும். ஏமாந்து குறைந்தது கொஞ்சம். காசில்லாமல் ஏறியவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, செக்கிங் வந்தால் மாட்டக் கூடாது என்று தன் கணக்கில் போட்டுக்கொண்டது மிச்சம். அம்மா அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒரே வசனம்: "ஊரு சனத்துக்கெல்லாம் டிக்கெட் எடுக்கறாரு. எனக்கு ஒரு டிக்கெட் எடுத்து மெட்ராஸைக் காட்டினாரா?"

காட்டவில்லை.

காரியத்தன்று காலை எட்டு மணி இருக்கும். வாசலில் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். முதல் வண்டியில் இறங்கியவர்கள். பத்திரிகை ஒன்று எப்படியோ டிப்போவுக்குப் போய், இப்போது அந்த ரூட்டில் ஓடுகிற கண்டக்டர் அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார். வெள்ளிமலை தடம் என்ற வரியைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கையில் சாமை அரிசி மூட்டை, ஒரு பாட்டில் தேன், துணியில் முடிந்த கடுக்காய். எங்கள் உறவுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிமலை இருக்கிற கல்வராயன் மலையை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். 1976 வரை மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்த மலை அது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழுது கொடுத்த கதைகளைச் சொல்லப் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கீழேயிருந்து மேலே வந்தவர்களில் அநேகம் பேர் எதையாவது வாங்கிப் போக வந்தவர்கள்: வட்டி, கடுக்காய், புளி, தேன். கண்டக்டரும் காசு வாங்க வந்தவர்தான். ஆனால் வாங்கிய காசுக்குச் சீட்டு கொடுத்தார், மீதிச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்தார். அது அந்த மலையில் சின்ன விஷயமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். வந்தவர்களில் ஒரு பெரியவர் சொன்னார்: "வாடா ஏறுடான்னு கூப்புட்ட காலம்மா அது. உங்கப்பா, கவுண்டரே ஏறுங்கன்னு சொல்வாரு."

பெரிய உபகாரம் எதையும் அவர்கள் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. உயிரைக் காப்பாற்றினார், பள்ளிக்கூடம் கட்டினார் என்று ஏதாவது சொல்லியிருந்தால் கை கூப்பிவிட்டு விலகியிருப்பேன். இவர்கள் சொன்னதெல்லாம் டார்ச் லைட் பேட்டரி. கண்ணாடிக் கடையில் ஃப்ரேமை மாற்றிக் கொண்டு வந்தது. கீழே ஆஸ்டலில் படித்த பையனுக்கு அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு. சந்தையில் ஆடு என்ன விலை போகிறது என்ற செய்தி. எல்லாவற்றுக்கும் ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருந்தாராம், பெயர், சாமான், கொடுத்த பணம், மீதி. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, "எங்க கல்யாணத்துத் தாலி கண்டக்டரு கையிலதான் கீழேர்ந்து வந்துச்சு. கடையில வாங்கி, பையில வெச்சு, ராவெல்லாம் தலமாட்டுல வெச்சுப் படுத்திருந்து காலையில குடுத்தாரு" என்றார். என்ன வருஷம் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அந்த வருஷம் அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

இன்னொருவர் சொன்னார், "என்னமா பாடுவாரு!"

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என்ன பாட்டு என்றேன். டி.எம்.எஸ். பாட்டெல்லாம் பாடுவாராம். ராத்திரி வண்டி நின்றதும் குளிருக்கு நெருப்பு போட்டுச் சுற்றி உட்காருவார்களாம், நாலு வீட்டுப் பிள்ளைகள் வந்துவிடுமாம். எங்கள் வீட்டில் அப்பா முணுமுணுத்துக்கூடக் கேட்டதில்லை. எனக்கு அன்றைக்கு வந்தது துக்கம் இல்லை, பொறாமை. அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த ஏதோ ஒரு பிள்ளைமேல், இந்நேரம் அதற்கும் நாற்பது வயது ஆகியிருக்கும், பச்சைப் பொறாமை. வெளியே அவ்வளவு தாராளமாக இருந்த மனிதர் எங்களிடம் ஏன் இவ்வளவு சிக்கனமாக இருந்தார்? பாட்டுக்குக்கூடவா ஷார்ட்?

பாரியின் மகள்களை அன்றிலிருந்து அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பறம்பு மலை எங்கோ தெற்கே இருக்கிறது, ஆனால் அந்தக் கதை வந்து முடிந்த இடம் எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூர். முல்லைக்குத் தேரைக் கொடுத்தவன் பாரி. அவனுடைய முந்நூறு ஊர்களையும் கேட்டு வந்தவர்களே வாங்கிப் போய்விட்டார்கள் என்று பாடியவர் அவன் நண்பர் கபிலர். பாரி செத்த பிறகு மகள்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார். இரண்டு இடத்திலும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்கள். கடைசியில் பெண்ணையாற்றங்கரை மலையர் குடியில் பெண்ணைக் கொடுத்துவிட்டு, கபிலர் ஆற்றில் இருக்கும் பாறையில் தீயில் இறங்கினார் என்று ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே வீரட்டானேசுவரர் கோயிலில் சொல்கிறது. அந்தப் பாறைக்குக் கபிலர் குன்று என்று பெயர். மேலே சின்னதாக ஒரு செங்கல் கோயில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதை நட்புக்கு உதாரணம் என்று நடத்துவார்கள். சரிதான். எனக்கு உறுத்துவது வேறு. தேரை முல்லைக்கு விட்டுவிட்டு அப்பா நடந்து வந்த அன்றைக்கு அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும்? ஒவ்வொரு ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, எங்களுக்கு என்ன மிச்சம் என்று அந்தப் பெண்கள் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்களா? புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக ஒரே ஒரு பாட்டு இருக்கிறது, ஐந்தே அடி. அப்பாவின் கொடையைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. தேர் இல்லை, முந்நூறு ஊர் இல்லை. நிலா இருக்கிறது. குன்று போயிற்று, அப்பா போய்விட்டார். அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொடையைப் பாடக் கபிலர் இருந்தார், வாங்கிப் போனவர்கள் இருந்தார்கள். மகள்கள் தங்கள் கணக்கை மட்டும் எழுதினார்கள். அந்த ஐந்து அடியில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலும் கேட்கிறது. மகளாக இருந்து படித்தால் யாருக்கும் கேட்கும்.

எங்கள் வீட்டுக் கபிலர் டிரைவர் மாமா. பத்தொன்பது வருஷம் அப்பாவோடு ஒரே வண்டியில் ஓடியவர். காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "எல்லாரும் நல்லதாவே சொல்லிட்டுப் போறாங்க பாப்பா. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே" என்று தொடங்கினார்.

வெல்ல மூட்டை விவகாரம். மலை ஏறுகிற வெல்லம் பொங்கலுக்கு இல்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வெல்லமும் மரப்பட்டையும் பானையில் ஊறிச் சாராயமாகித் திரும்பக் கீழே இறங்கும். பஸ் மேலே மூட்டை ஏற்ற ஒரு ஆள் வருவான். மாமா ஒரு நாள் ஏற்ற முடியாது என்று இன்ஜினை நிறுத்திவிட்டார். அப்பாதான், "லக்கேஜ் போட்டா அது லக்கேஜு. உள்ள என்ன, எதுக்குன்னு கேக்கறது நம்ம வேலை இல்ல" என்றாராம். எழுத்துப்படி அது குற்றமும் இல்லை, அப்பா சரியாக டிக்கெட் கிழித்திருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு மாசம் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே வண்டி, ஒரே நைட் ஹால்ட். ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. அந்த விசில் மட்டும்தான் பேச்சு. "அப்புறம் எப்படி மாமா சமாதானமானீங்க?" என்றேன். "ஒரு மழை ராத்திரி. ரெண்டு போர்வையில ஒண்ணு நனைஞ்சுபோச்சு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. மூட்டை அப்புறமும் ஏறியதா என்று நான் கேட்கவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து ஊர் சுடுகாடான அந்த நாட்கள் எனக்குச் சட்டென்று விளங்கின. ராத்திரி பகலாக ஆம்புலன்ஸ் ஓடியது. 60 பேருக்கும் மேல் செத்தார்கள். டிவியில் வரிசையாக எரிகிற சிதைகளைக் காட்டினார்கள். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்தபடி, யாரிடம் என்றில்லாமல், "நான் ஏத்தினது வெல்லந்தான்" என்றார். வயசாகி ஏதோ உளறுகிறார் என்று நினைத்தோம். செத்தவர்களைக் கொன்றது மெத்தனால். மலைப் பானைக்கும் அப்பா கிழித்த லக்கேஜ் டிக்கெட்டுக்கும் அதோடு ஒட்டு உறவு கிடையாது. இதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் ஒத்துக்கொண்டிருப்பாரா, தெரியாது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. அதில் திரும்பத் திரும்ப வந்த பேச்சு, சாலை. நாலு மாசம் கழித்து, ஐப்பசியில் அப்பா போனார்.

ஆக அவரைப் பற்றி என்னிடம் இருப்பது இவ்வளவு. தாலியைத் தலைமாட்டில் வைத்துக் காத்தவர், அதே வருஷம் மனைவியின் சங்கிலியை மீட்காதவர். கவுண்டரே என்று கூப்பிட்டவர், அதே கவுண்டர்களின் மலைக்கு வெல்லம் ஏற்றியவர். அங்கே பாடினார், இங்கே தூங்கினார். எதை எடுத்துவிட்டாலும் ஆள் மாறிவிடுகிறது. பையன் வைத்திருந்த நாலு வரியில் இவர்கள் யாருக்கும் இடமில்லை. செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்கிற நம் வழக்கம் நல்லெண்ணத்தில் வந்ததுதான். ஆனால் அது நாளடைவில் எல்லாரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது, ஃபைலில் பெயரை மாற்றினால் போதும் என்கிற அளவுக்கு.

மலைக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினார்கள். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாரும் எழுந்தபோது, வந்ததிலிருந்து ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவி அம்மாவிடம் போனார். இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு 200 ரூபாய் நோட்டை எடுத்தார். டார்ச் லைட் வாங்கி வரச் சொன்னாராம், வாங்கி வந்தாராம், காசு கொடுப்பதற்குள் அப்பாவை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எந்த வருஷம் என்று அவருக்குத் தெரியவில்லை. "கடனோட அனுப்பக் கூடாது தாயி" என்றார்.

அம்மா வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சுற்றி நின்ற அத்தைகளும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அம்மா கையை நீட்டி வாங்கினார். நோட்டை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தார், மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். கிழவியின் முகம் தெளிந்தது.

மறுநாள் காலை தம்பியிடம் அதே நோட்டைக் கொடுத்து அரைக் கிலோ துவரம் பருப்பும் பாலும் வாங்கி வரச் சொன்னார். வந்ததும் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டார்.